குடிக்காதவன் கட்டுன கயிறு

எங்க தெருவுல எவனாவது குடிச்சிட்டு வந்து சட்டி பானையைப் போட்டு உடைச்சா, மறுநாள் காலையில அந்த வீட்டுப் பொம்பள என்னைத் தேடி வந்துரும். "அண்ணே, நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க விட்டவரு"ன்னு நிக்கும். நானும் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போவேன். போயி என்னத்தைச் சொல்றது? நான் பொறந்ததுலருந்து ஒரு சொட்டுச் சாராயம் நாக்குல வச்சதில்ல. ஆனா காளவாசல்லருந்து கொட்டாம்பட்டி வரைக்கும் குடியை விட்டவன்னு எனக்குப் பேரு. அலுத்துப் போச்சுங்க. ஒரு தடவையாவது இதை முழுசாச் சொல்லி முடிச்சிருவோம்னுதான் உக்காந்திருக்கேன்.

நான் கண்டக்டரா இருந்தேன். மதுரைக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவுல ஓடுற வண்டி. பஸ்ஸெல்லாம் சர்க்கார் கைக்கு வந்த புதுசு. எங்க வீட்டுல அதுக்கு முன்னாடி அம்புட்டுப் பேரும் வெள்ளாமைதான். மழை பேஞ்சாச் சோறு, இல்லாட்டி இல்ல. மாசம் பொறந்தாச் சம்பளம்னு கையில வாங்குன மொத ஆளு நான். பொண்டாட்டி, பிள்ளைக, எங்கப்பாரு, கல்யாணத்துக்கு நின்ன தங்கச்சி, எல்லாரும் நான் தோள்ல மாட்டுற அந்தத் தோல் பையை நம்பித்தான் இருந்தாக. பை போச்சுன்னா குடும்பம் போச்சு. இது எனக்கு மட்டுமில்ல, தெருவுக்கே தெரியும்.

கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சீட்டுக் கிழிக்கிற கண்டக்டரை நாங்க அந்தக் காலத்துல ஆளாவே மதிக்க மாட்டோம். ஒரு கையில சீட்டுக் கட்டு, ஒரு கையில சில்லறை. கம்பிக்குக் கை ஏது? மேலூர் சந்தை நாள்ல, மூட்டையும் கோழியும் ஆளுமா நெருக்கியடிக்கிற வண்டியில, முன்படியிலருந்து பின்படி வரைக்கும் ஒண்ணையும் தொடாமப் போயிட்டு வருவேன். டிரைவர் பிரேக்கை மிதிச்சா வண்டியே முன்னால சாயும், நான் நிப்பேன். "எல்லாம் இடுப்புல இருக்குய்யா"ன்னு புதுப்பயலுககிட்ட பீத்திக்குவேன். அது இடுப்புல இல்ல, காதுல இருக்குன்னு தெரிஞ்சப்போ காதே போயிருச்சு.

மொத தடவை வந்தது மேலூர் ஸ்டாண்டுல. டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இடது காது அடைச்ச மாதிரி ஆச்சு. கெணத்துல முங்குனா அடைக்குமே, அப்படி. அடைச்ச காதுக்குள்ள ரைஸ் மில்லு ஓடுது. ம்முன்னு ஒரே எரைச்சல். விரலை விட்டுக் குடைஞ்சேன், எச்சில் முழுங்குனேன், ம்ஹூம். அதுக்குள்ள டீக்கடை சுத்த ஆரம்பிச்சிருச்சு. மயக்கம்னு நெனச்சுக்காதீங்க. மயக்கம்னா கண்ணு இருட்டும், ஆளு விழுவான், அம்புட்டுதான். இது அப்படியில்ல. நெனவு முழுசா இருக்கு, ஊரு உலகமே வட்டம் அடிக்குது. கண்ணை மூடுனா அதுக்கு மேல சுத்துது. அங்கேயே மண்டி போட்டு, கொடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. அப்புறம் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு.

"பித்தம் தலைக்கேறிருச்சு"ன்னா என் பொண்டாட்டி. அவளுக்கு எது வந்தாலும் பித்தம்தான். இஞ்சிச் சாறு குடுத்தா, எலுமிச்சம்பழத்தை உச்சியில வச்சுத் தேச்சா, நல்லெண்ணெயைத் தலையில அப்பிக் குளிக்க வச்சா. பக்கத்து வீட்டு அக்கா பூண்டு போட்டுக் காச்சுன எண்ணெயைக் காதுல விடச் சொல்லுச்சு. அதையும் விட்டோம். காது வெந்ததுதான் மிச்சம். மாசத்துக்கு ஒருக்கா, சில மாசம் வாரத்துக்கு ஒருக்கான்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. வாறதுக்கு முன்னாடி காது அடைக்கும், மில்லு ஓடும்.  எப்ப வருமோ எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டே வேலை பாக்குறது இருக்கே, அந்தச் சுத்தைவிட அதுதான் பெரிய ரோதனை.

ஒருநாள் காலையில கொட்டாம்பட்டியிலருந்து வண்டி மதுரைக்கு வருது. காய்கறிக்காரப் பொம்பளைக கூடையோட கீழ உக்காந்திருக்குக. ஒத்தக்கடைக்கு முன்னாடி எனக்கு மில்லு ஓடிருச்சு. சன்னல் வழியா ஆனைமலையைப் பாத்து நின்னேன். அசையாத ஒண்ணைப் பாத்தா நின்னுக்கலாம்னு அதுவரைக்கும் நானாக் கண்டுபிடிச்சு வச்சிருந்த வைத்தியம் அது. அன்னைக்கு ஆனைமலையே எந்திரிச்சு நடந்துச்சு. அப்படியே சாஞ்சு, கத்திரிக்காய்க் கூடைக்காரி மடியில போயி விழுந்தேன். விழுந்ததோட விடல, அங்கேயே வாந்தி.

"யாத்தே! பாவிப்பயலே! காலங்காத்தால ஊத்திட்டு வந்து பொம்பளை மடியில விழுறியே, நீ வெளங்குவியா?"ன்னு அந்தம்மா என் முதுகுல ரெண்டு கையாலயும் சாத்துது. சாத்தட்டும், நியாயந்தான். வண்டி பூராம் சலம்பல். ஒருத்தன் பையைப் பிடுங்குங்கிறான், ஒருத்தன் கீழ தள்ளுங்கிறான். அந்த நேரம் பாத்து ஒத்தக்கடையில செக்கர் ஏறுறாரு. ஏழரை வந்தா மொத்தமாத்தான வரும்.

செக்கர் மேலூர்ப் பக்கத்துக்காரர். பெரிய மீசை, நெத்தி நெறைய திருநீறு. என்னைக் குனிஞ்சு பாத்தாரு. "என்னய்யா இது கோலம்?"

நான் வாயைத் தொறந்தா வாந்திதான் வருது. எனக்குப் பதிலா டிரைவர் எறங்கி ஓடி வந்தான். என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசு மூத்தவன், ஆனா மாப்ளன்னுதான் கூப்பிட்டுக்குவோம். ஒரே வண்டியில சேந்து ஓட்டுனவன், ஒரே தூக்குச்சட்டியில சோறு தின்னவன். அவன் கையைக் கட்டிக்கிட்டுச் செக்கர்கிட்டச் சொல்றான்: "சார், நேத்து ஒரு விசேச வீட்டுல கொஞ்சம் ஊத்திட்டாரு சார். தெளியாம வந்துட்டாரு. என்னைக்கும் இல்லாத பழக்கம். பிள்ளைகுட்டிக்காரரு, பாத்துச் செய்யுங்க சார்."

எனக்கு அந்தச் சுத்துலயும் பகீர்னுச்சு. அடேய்னு கத்தணும்னு இருக்கு, நாக்கு பெரளல. சஸ்பெண்டு பண்ணிட்டாக.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான் அந்த மாப்ள. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு, கேக்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். அவங்க ஆத்தாவைக்கூட விடல. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, கடைசியில மெதுவாச் சொன்னான்.

"ஏ மாப்ள, கொஞ்சம் யோசி. குடிச்சேன்னா என்ன செய்வாக? சஸ்பெண்டு. நாலு பேரு காறித் துப்புவான். அப்புறம் வேலையில சேத்துக்குவாக. டெப்போவுல பாதிப்பேரு அப்படிச் சேந்தவன்தான். கிறுகிறுப்பு வருதுன்னு சொல்லிப் பாரு. ஓடுற வண்டியில நிக்கிற வேலைக்குக் கிறுகிறுப்புக்காரனை எவன்டா வச்சுக்குவான்? மெடிக்கலுக்கு அனுப்பி, அன்ஃபிட்டுன்னு போட்டு, வீட்டுக்குப் போய்யான்னுருவான். குடின்னா தண்டனை. வியாதின்னா வீடு. எது வேணும்னு நீயே சொல்லு."

 என் பொண்டாட்டியும் கதவோரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. "அண்ணன் சொல்றது சரிதாங்க"ன்னா. அப்படித்தான் எங்க வீட்டுல அது முடிவாச்சு.

முடிவு பண்றது லேசு, நடத்துறதுதான் சீரழிவு. வெளிய தெரிஞ்சா டெப்போவுக்குப் போயிரும்னு, பிள்ளைககிட்டக்கூடச் சொல்லல. பிள்ளைக வாயைக் கட்டி வைக்க முடியுமா? மூத்தவ அப்ப பத்து வயசு, எல்லாம் வெவரம் தெரியும். குழாயடியில பொம்பளைக கேக்கும்போது என் பொண்டாட்டி குடிகாரன் பொண்டாட்டியா நடிக்கணும். மொதல்ல அழுதா. அப்புறம் பழகிருச்சு. "சனியன், எந்த நேரத்துல என் கழுத்துல தாலி கட்டுச்சோ"ன்னு குழாயடியில தெருவே கேக்குற மாதிரி என்னை வைவா. வஞ்சு முடிச்சு, கொடத்தைக் கொண்டாந்து எறக்கி வச்சிட்டு, "ரொம்ப வஞ்சுட்டேனாங்க?"ன்னு கேப்பா. எனக்குச் சிரிப்பு வந்துரும். மக மட்டும் சிரிக்க மாட்டா. நான் கூப்பிட்டாக் கிட்ட வர மாட்டா. என்னைத் தாண்டிப் போகணும்னா செவத்தோட ஒட்டிக்கிட்டுப் போவா. அது எனக்குக் குத்துச்சு. எம்புட்டுக் குத்துச்சுன்னு இன்னைக்கும் சொல்லத் தெரியல.

வேலை இல்லாம இருந்த அந்த நாள்லதான், யாருக்கும் தெரியாமப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காக்கியைப் போடாம, வேட்டி கட்டி. காது மூக்கு தொண்டை பாக்குற எடத்துல ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான். எனக்கு முன்னாடி இருந்த ஒரு சின்னப் பிள்ளை மூக்குக்குள்ள போட்டுக்கிட்ட வேர்க்கடலையை எடுத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க.

மொத கேள்வியே, "குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லம்மா"ன்னேன்.

"சரி"ன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. அம்புட்டுதான். நம்பிட்டாங்க! அந்த மாசத்துல நான் சொன்னதை நம்புன வெளியாளு அவங்க ஒருத்தர்தான். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. காது வலிக்குதான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.

ரெண்டாவது கேள்வி, "என்ன வேலை?" அதுக்கு மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கிறேன்னு புளுகுனேன்.

அன்னைக்கு எனக்கு நடந்ததெல்லாம் ஒரே கூத்து. கவட்டை மாதிரி ஒரு இரும்பை முட்டியில தட்டி, நடு நெத்தியில வச்சு, "எந்தப் பக்கம் கேக்குது?"ன்னாங்க. நடுவுல வச்ச இரும்பு நடுவுலதான கேக்கணும்? வலது காதுல மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு கையையும் முன்னால நீட்டி, கண்ணை மூடிக்கிட்டு, நின்ன எடத்துலயே நடக்கச் சொன்னாங்க. நல்லா வெறப்பா, போலீஸ்காரன் மாதிரி காலைத் தூக்கி வச்சேன். "கண்ணைத் தொறங்க"ன்னாங்க. பாத்தா, டாக்டரம்மா என் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறாங்க. அவங்க நகரவே இல்ல. நான்தான் இடது பக்கமாத் திரும்பித் திரும்பிச் செவத்தைப் பாத்து நிக்கிறேன். ஆத்தாடின்னு உக்காந்துட்டேன்.

அடுத்தாப்புல ஒரு கண்ணாடி போட்ட கூண்டு. காதுல மாட்டிவிட்டு, சத்தம் கேட்டாக் கையைத் தூக்கணும்னாங்க. எனக்கு இடது காதுல அந்த மெல்லிசுச் சத்தம் ஒண்ணும் கேக்கல. ஆனா கண்ணாடி வழியா அவங்க கை மிசினைத் திருகுறது தெரியுது. அவங்க திருகுனா நான் கையைத் தூக்குறேன். கண்டக்டர் புத்தி, டிரைவர் தோளு அசையுறதை வச்சே பிரேக்கைக் கண்டுபிடிக்கிறவன் நானு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, கதவைத் தொறந்து, "ஐயா, என் கையைப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க"ன்னாங்க. திரும்பி உக்காந்தேன். ரொம்ப நேரம் கையைத் தூக்கவே இல்ல. கூண்டுக்குள்ள ஒரே நிசப்தம். இம்புட்டுச் சத்தம் எனக்குக் கேக்காமப் போயிருக்கான்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

கடைசியிலதான் கொடுமை. படுக்க வச்சுக் காதுக்குள்ள குளுந்த தண்ணியைப் பீச்சுனாங்க. வலது காதுல விட்டதும் கட்டில் கவுந்துச்சு பாருங்க, அய்யோ, ஒத்தக்கடையில சுத்துனதே தேவலை. டாக்டரம்மா என் கண்ணையே உத்துப் பாக்குறாங்க. கண்ணு கெடந்து ஆடுதாம். கொஞ்சம் ஓய்வு குடுத்து இடது காதுல விட்டாங்க. நான் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஒண்ணும் பெருசா ஆகல. லேசா ஒரு ஆட்டம், அம்புட்டுதான். "பரவாயில்லம்மா, இந்தக் காது நல்லாருக்கு"ன்னேன். அவங்க தலையை ஆட்டி, "இல்லைங்க. நல்லா இருக்கற காதுதான் சுத்தும். இது பாதி செத்துப் போச்சு"ன்னாங்க.

அப்புறம் பொறுமையாச் சொன்னாங்க. காதுங்கிறது கேக்குறதுக்கு மட்டும் இல்லையாம். உள்ள, எலும்புக்குள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணும் அது பக்கத்துல மூணு வளையமும் இருக்காம். அதுல துளி நீரு. நாம தலையைத் திருப்புனா அது அசையும், அதை வச்சுத்தான் நிக்கிறோமா சாயுறோமான்னு மண்டைக்குத் தெரியுமாம். எனக்கு இடது பக்கம் அந்த நீரு அளவுக்கு மேல சேந்து அமுக்குதாம். வெள்ளைக்காரன் பேரு ஒண்ணு சொன்னாங்க, வாய்ல நொழையல.

"உப்பைக் குறைங்க. ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. காபி, புகையிலை வேண்டாம். மாத்திரை தர்றேன். ஆனா ஒண்ணு. கெணத்து மேட்டுல ஏறக்கூடாது, ஓடற வண்டியில படிக்கட்டுகிட்ட நிக்கவே கூடாது."

"சரிம்மா"ன்னேன்.

"இந்தச் சுத்து எப்பம்மா நிக்கும்?"ன்னு நானே கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க. சில பேருக்கு வருசக்கணக்கா வந்துட்டு, தானா அடங்கிடும். அடங்கும்போது அந்தக் காது கேக்கறதும் அநேகமாப் போயிடும்." மாத்திரைச் சீட்டை நீட்டி, "கடை மொதலாளிக்கு லெட்டர் ஏதும் தரட்டுமா?"ன்னாங்க. வேண்டாம்மான்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

டெப்போவுல சஸ்பெண்டை எடுக்குறதுக்கு ஒரு சிக்கல் வந்துச்சு. செக்கர் ஒத்துக்கல. அவரு எழுதிக் குடுத்தாத்தான் நான் வேலைக்குத் திரும்ப முடியும். அவரு கெட்டவரில்ல. நல்லவரா இருந்ததுதான் வம்பு. "வெறுங்கையோட இவனை உள்ள விட்டா நாளைக்குத் திரும்பக் குடிப்பான். பதினெட்டாம்படிக் கருப்பு முன்னாடி நின்னு, இனிக் குடிக்க மாட்டேன்னு கயிறு கட்டட்டும். நானே கூட வாரேன். கட்டிட்டான்னா மறுநாளே நான் எழுதிக் குடுத்துர்றேன்"னுட்டாரு. எங்க பக்கம் அதுதான் கோர்ட்டு. வரப்புச் சண்டையிலருந்து நகை களவு வரைக்கும், அழகர்கோயில்ல கருப்பு குடியிருக்குற அந்த மூடுன கதவுக்கு முன்னாடி நின்னு சொன்னா முடிஞ்சு போச்சு. பொய் சொன்னவன் வீடு போயிச் சேர மாட்டான்னு பிள்ளையிலருந்து கேட்டு வளந்தவுக நாங்க.

என் பொண்டாட்டி ஆடிப் போயிட்டா. ஊருக்குப் பொய் சொல்றது வேற, கருப்புக்குப் பொய் சொல்றது வேற. "வேண்டாங்க. கூலி வேலைக்குப் போவோம், சித்தாளு வேலைக்கு நான் போறேன்"னு கையைப் பிடிச்சா. நான் எங்கப்பாரைப் பாத்தேன், தங்கச்சியைப் பாத்தேன். "வெக்கம் மானம் எல்லாம் போயிருச்சு, இனி என்ன, வா"ன்னு கெளம்பிட்டேன்.

அவ கூட வந்தா, ஆனா கோயில் வாசல்லயே நின்னுட்டா. "பொய்ச் சத்தியத்துக்குச் சாட்சியா நான் நிக்க மாட்டேன்"னா. சந்தனம் அப்புன அந்தப் பெரிய கதவுக்கு முன்னாடி போயி நின்னேன். பூசாரி, "இனிமே தொட மாட்டான் சாமி, ஒம்புள்ளையைக் காப்பாத்து"ன்னு அவரே சொல்லிக் கையில கயித்தைக் கட்டுனாரு. நான் கும்பிட்டதோட சரி. வாயைத் தொறக்கல. மனசுக்குள்ள மட்டும், ஒனக்குத் தெரியும்ல, ஒனக்குத் தெரியும்லன்னு சொல்லிக்கிட்டே நின்னேன். செக்கர் என் தோளைத் தட்டி, "ஆம்பளைய்யா நீ"ன்னாரு. அழுதுட்டேன். திருந்திட்டான்னு அவரு நெனச்சுக்கிட்டாரு.

பை திரும்ப வந்துச்சு. ஆனா முன்னைவிட மோசமான பொழப்பு. இப்ப விழுந்தா, கயிறு கட்டியும் குடிச்சவன்னு ஆயிரும். வேலை மட்டுமா போகும், ஊருக்குள்ள மூஞ்சியும் காட்ட முடியாது. வீட்டுல உப்பில்லாத கஞ்சி. தின்னு பாத்தாத் தெரியும் அந்த வாழ்க்கை. ஒரு துண்டு மாங்கா ஊறுகாய்க்கு நாக்கு ஏங்கும். வண்டியில எனக்குக் காது அடைச்சா, டிரைவர் சீட்டு முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுவேன். அந்த மாப்ள உடனே ஒரு மரத்தடியில ஓரங்கட்டி, "டயர் பாக்கணும்"னு எறங்கிருவான். அவன் டயரை உதைச்சுக்கிட்டே நிப்பான், நான் பின்சீட்டுல கெட்ட காது மேல இருக்குற மாதிரி படுத்து, ஒரு ஆணியையே உத்துப் பாத்துக்கிட்டிருப்பேன். சனங்க வையும். "இந்த வண்டிக்கு மட்டும் எங்கருந்துதான்டா டயர் பஞ்சராகுது"ன்னு ஒரு பெரியவரு தெனம் கேப்பாரு. வண்டி லேட்டுன்னு வாங்குன மெமோவையெல்லாம் அவன்தான் வாங்குனான். ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்ல. அவன் சொன்ன பொய்யில என் பேரு போச்சு, அவன் உதைச்ச டயர்ல என் குடும்பம் பொழைச்சுச்சு. அவனை வையுறதா கும்பிடுறதான்னு எனக்கு இன்னும் வெளங்கல.

அப்படியே இழுத்துப் பறிச்சு, சில வருசம் கழிச்சு ஒரு கட்டத்துல சுத்து நின்னுச்சு. கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளித் தள்ளி வந்து, அப்புறம் வரவே இல்ல. டாக்டரம்மா சொன்ன மாதிரியே, போறப்போ இடது காதையும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. எரைச்சல் மட்டும் பழைய குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ணாம உள்ள உக்காந்துக்கிச்சு.

நான் சந்தோசப்படுறதுக்குள்ள ஊரு முந்திக்கிச்சு. "பாத்தியா, கயிறு கட்டுனான், ஆட்டம் நின்னுச்சு. கருப்பு கூடவே நிக்கிறாருய்யா." விழாம நிக்கிறதே நான் குடிச்சதுக்குச் சாட்சி ஆயிருச்சு! என் பொண்டாட்டி வேற மாதிரி. "காதை எடுத்துக்கிட்டாரு பாத்தீகளா, பொய்க்குக் கூலி"ன்னா. அடி கழுதை, டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்கடின்னா, "அவங்களைச் சொல்ல வச்சதும் அவருதான்"ங்கிறா. இதுக்கு மேல எவன் பேசுவான்?

அதுலருந்துதான் குடிகாரன் வீட்டுப் பொம்பளைக என்னைத் தேடி வர ஆரம்பிச்சதுக. நானும் ஏதோ சொல்லித் தொலைப்பேன்.

மூத்தவளை மேலூர்ப் பக்கம் கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை கல்குவாரி லாரி ஓட்டுறவரு. நல்ல மனுசன்தான், நடுவுல சர்க்கார் மூடியிருந்த சாராயக் கடையைத் திரும்பத் தொறக்குற வரைக்கும். ஒருநாள் ரெண்டு பேரும் வந்தாக. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மக சொல்றா, "அப்பா, நீங்க எப்படி விட்டீகன்னு இவருக்குச் சொல்லுங்க." என் பொண்டாட்டி அடுப்படியிலருந்து என்னையே பாக்குறா. நான் சொன்னேன். என்னத்தைச் சொன்னேன்? என் கிறுகிறுப்பைத்தான் சொன்னேன். மொதல்ல தரை எந்திரிச்சு வரும், வேர்க்கும், வாந்தி வரும், கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு ஒரே எடத்தைப் பாத்துக்கிட்டுக் கெடந்தா, அது தானாப் போயிரும்னேன். அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு. மறுநாளே அழகர்கோயில்ல கயிறு கட்டுனாரு.

கொஞ்ச மாசம் தாங்குச்சு. அப்புறம் ஒரு மத்தியானம் மக மட்டும் தனியா வந்தா, ஒரு துணிப்பையோட. ஒதடு வீங்கியிருந்துச்சு. "கயித்தை அறுத்துட்டாருப்பா"ன்னா. எனக்கு இடது காது கேக்காதுன்னு அவளுக்குத் தெரியும், என் வலது பக்கமா வந்து உக்காந்தா.  அப்புறம் கேட்டா, "நீங்க மட்டும் எப்படிப்பா விட்டீக? நெசத்தைச் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

அந்த ஒதட்டைப் பாத்ததுக்கு அப்புறம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்ல. எல்லாத்தையும் சொன்னேன். காது, டாக்டரம்மா, ஒத்தக்கடை, டிரைவர் மாப்ள, கருப்பு கோயில், எல்லாம். நான் குடிக்கவே இல்ல தாயி, ஒரு நாளும் குடிச்சதில்லன்னேன். அவ ஆத்தாளும், "நெசந்தான்டி, சாமி சத்தியமா"ன்னா.

மக என்னையே பாத்துக்கிட்டிருந்தா. கோவம் வரல அவளுக்கு. வந்திருந்தாப் பரவாயில்ல.

"இப்ப எதுக்குப்பா பொய் சொல்றீக? ஒங்களைத் தூக்கிட்டு வந்து போட்ட அன்னைக்கு ஒங்க சட்டையில இருந்த வாந்தியை நான்தான் கழுவுனேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கழுவுனேன். இந்த மனுசன் ஒருநாள் விடுவாருன்னு சாமியைக் கும்பிட்டேன், விட்டீக. எனக்குத் தெரிஞ்சு குடியை விட்டவரு நீங்க ஒருத்தர்தான்ப்பா. நீங்களும் இல்லைன்னுட்டா நான் எதை நம்பிப் பொழைக்கிறது?"

என் பொண்டாட்டி சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா. எனக்கு நல்ல காதுலயும் ஒண்ணும் கேக்கல. செக்கர் கேட்டப்பவும் கருப்பு முன்னாடியும் என் வாயால சொல்லாததை அன்னைக்குத்தான் சொன்னேன்.

"குடிச்சேன் தாயி. நல்லாக் குடிச்சேன். அப்புறம் விட்டேன்."

"அப்ப அவரும் விட்ருவாருல்லப்பா?"

"விட்ருவாரு."

மக மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டா. ஆத்தா குடுத்த காபியைக் குடிச்சா. அப்புறம் துணிப்பையை எடுத்துக்கிட்டு, "வாரேன்ப்பா"ன்னு சொல்லிட்டு அவ புருசன் வீட்டுக்கே மேலூர் வண்டி ஏறிட்டா.